வாரேனுங்க சார்

எங்கள் பக்கத்தில் ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டு யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. தெருமுனைக்குப் பால் வாங்கப் போனாலும் ‘வாரேன்’தான், பம்பாய்க்கு ரயில் ஏறினாலும் ‘வாரேன்’தான். போனை வைக்கும்போதும் அதையே சொல்லித்தான் வைப்போம். எதிரில் இருப்பவர் ‘வா’ என்றோ ‘போயிட்டு வா’ என்றோ பதில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டால்தான் கால் படி இறங்கும். இந்த ஒரு வார்த்தையால் எனக்குக் கடலுக்குள் வேலை கிடைத்தது. நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

நான் வால்வு பார்க்கிறவள். கோயம்புத்தூரில் டிப்ளமோ முடித்த கையோடு ஒரு வால்வு கம்பெனியில் சேர்ந்து, எட்டு வருடம் டெஸ்டிங் பெஞ்சில் நின்றேன். வால்வை மூடி, ஒரு பக்கம் தண்ணீரை அழுத்தி ஏற்றி, மறுபக்கம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கசிவைக் காதால் பிடிப்பேன். நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை வால்வின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்தினால் உள்ளே ‘ஸ்ஸ்’ என்று ஓடுவது கேட்கும். நான் ‘ஓடுது’ என்று சொன்னால் சூப்பர்வைசர் மறுபேச்சுப் பேசாமல் வால்வைக் கழற்றச் சொல்லிவிடுவார்.

கல்யாணமானது பெருந்துறைக்காரரோடு. அவர் வளைகுடாவில் ஒரு துறைமுக ஊரில் ஸ்டோர் கீப்பர். மகள் பிறந்த பிறகு நானும் அங்கே போனேன், மகன் அங்கேயே பிறந்தான். இரண்டு அறை வீடு, பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி, கீழே பள்ளிக்கூட வேன். பெரிய வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

மகளுக்கு ஒன்பது, மகனுக்கு நாலரை வயது ஆனபோது அவருடைய கம்பெனி கைமாறியது. புதிதாக வந்தவர்கள் அவரை ஒரு படி கீழே இறக்கினார்கள். அந்தப் படியில் இருப்பவருக்குக் குடும்ப விசா கிடையாது. செப்டம்பரோடு எங்கள் விசா முடிகிறது, அதற்குப் பிறகு அவர் பேச்சிலர் கேம்ப்புக்குப் போக வேண்டும் என்றார்கள். அந்த ஊரில் பேச்சிலர் என்றால் கல்யாணமாகாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்டாட்டி பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டு, ஒரு அறைக்கு ஆறு பேராகப் படுத்துக்கொள்கிறவன்தான் பேச்சிலர். இரண்டு பிள்ளை பெற்ற மனுசனுக்கு நாற்பது வயதில் அந்தப் பட்டம்!

“பரவால்ல அம்மணி, ஊர்ல இருந்தா நீயும் நிம்மதியா இருப்ப. வருசத்துக்கு ஒருக்கா நான் வாரேன்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருசத்துக்கு ஒரு முறை வருகிற அப்பா எப்படி இருப்பார் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் அப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். போர்வெல் தோண்டுகிற ரிக். ஆந்திரா, மகாராஷ்டிரா, ராஜஸ்தான் என்று லாரி எங்கே போகிறதோ அங்கே போவார். மழை விழுந்து வேலை நின்றால்தான் வண்டி ஊர் திரும்பும். எனக்கு நான்கு வயதிருக்கும்போது, அப்படி வந்து கட்டிலில் படுத்திருந்தவரைக் காட்டி, “இந்த மாமா எப்பம்மா போவாரு?” என்று கேட்டேனாம். அம்மா இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அப்பா சிரித்து நான் பார்த்ததில்லை. என் மகன் என் வீட்டுக்காரரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எங்கள் இருவரில் ஒருவருக்குக் குடும்ப விசாவோடு வேலை கிடைத்தால் போதும், மற்ற மூன்று பேரும் அந்த விசாவிலேயே அங்கே இருக்கலாம். அவருக்கு எங்கும் கிடைக்கவில்லை. அதனால் நான் தேட ஆரம்பித்தேன். அந்த ஊரில் வால்வு தெரிந்தவர்களுக்கு வேலை இருந்தது, ஆனால் கரையில் இல்லை. கடலுக்குள் இரும்புக்கால் ஊன்றி நிற்கிற எரிவாயு மேடைகளில் இருந்தது. இருபத்தெட்டு நாள் அங்கே, இருபத்தெட்டு நாள் வீட்டில். ஏஜென்சி ஏஜென்சியாக ஏறி இறங்கினேன். ஒருத்தர் என் சர்டிபிகேட்டை எல்லாம் பார்த்துவிட்டு, “உங்க ஹஸ்பண்டுக்கா மேடம்?” என்றார். இன்னொருத்தர், பெண்களுக்குத் தனி அறை கிடையாது என்றார். அறை இல்லையென்றால் ஒரு அறையில் பலகையை மாட்டி ‘பெண்கள்’ என்று எழுதுங்கள், அதற்கு என்ன இன்ஜினியரிங் வேண்டிக் கிடக்கிறது என்று கேட்டேன். அந்த ஆள் அதற்குப் பிறகு என் போனை எடுக்கவே இல்லை.

ஜூலையில் பள்ளிக்கூட லீவு விட்டதும் பிள்ளைகளோடு அவிநாசிக்கு, அம்மா வீட்டுக்கு வந்தேன். பெட்டி பெரிதாக இருப்பதைப் பார்த்த அம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோசம். “வந்ததும் வந்தீங்க, இங்கியே இருந்துக்கலாம் கண்ணு. பக்கத்துலயே நல்ல பள்ளிக்கூடம் வந்திருக்குது” என்றாள். சேர்க்கைப் படிவத்தைக்கூட வாங்கி அலமாரியில் வைத்திருந்தாள்.

வந்த பத்தாம் நாள் ஒரு கம்பெனியிலிருந்து வீடியோ இன்டர்வியூ என்று மெயில் வந்தது. எங்கள் வீட்டில் மொட்டை மாடியில்தான் சிக்னல் எடுக்கும். தண்ணீர்த் தொட்டி மேல் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். சுற்றிலும் அம்மா மிளகாய் காயப் போட்டிருந்தாள். எதிர்முனையில் இரண்டு பேர். மேடையில் மேலாளராக இருந்த ஒரு வெள்ளைக்காரர், ஆள் எடுக்கும் பிரிவில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண். ‘என்னைப் பற்றி’ என்று ஆரம்பித்ததும் எனக்கு ஏழெட்டுத் தும்மல். உடம்பு சரியில்லையா என்று அந்தப் பெண் கேட்டாள். போனைத் திருப்பி மிளகாயைக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

மேலாளர் கேள்விகளுக்கு வந்தார். வால்வு மூடியிருக்கிறது, ஆனால் உள்ளே காஸ் ஓடுகிறது என்று சந்தேகம். கையில் எந்தக் கருவியும் இல்லை. என்ன செய்வீர்கள்? நான் ஸ்குரூடிரைவரைச் சொன்னேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதை யார் கற்றுக் கொடுத்தார்கள்?” என்றார். “எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும் சார்” என்றேன். கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் ஊரை விட்டுக்கொடுக்க முடியுமா?

கடைசியில் அவரும் எல்லோரும் கேட்கிற கேள்விக்கே வந்து நின்றார். இருபத்தெட்டு நாள் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?

“அவங்க அப்பா பார்த்துக்கொள்வார். அவர் பெத்த பிள்ளைகள்தானே சார். உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், உங்களிடம் இதை யாராவது கேட்டார்களா?”

போச்சு, வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டே, “கேட்டதில்லை” என்றார். பிறகு, கடல் பாதுகாப்புப் பயிற்சி பன்னிரண்டு நாளில் ஆரம்பம், இன்னொருவரும் பட்டியலில் இருக்கிறார், வீட்டில் பேசிவிட்டு இந்த வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்றார். நான் எழுந்து, கும்பிட்டு, எங்கள் வீட்டில் எல்லோரும் போனை வைக்கிற மாதிரியே வைத்தேன். ‘சரிங்க சார், வாரேனுங்க சார்’ என்று மனசு சொன்னதை வாய் இங்கிலீஷில் சொன்னது. “ஓகே சார். ஐ வில் கம் சார்.”

மறுநாள் காலையில் மெயில் வந்தது. நீங்கள் வருவதாக அழைப்பிலேயே உறுதி சொன்னதற்கு மகிழ்ச்சி, பட்டியலில் இருந்த மற்றவருக்குத் தகவல் சொல்லிவிட்டோம், விமான டிக்கெட்டும் குடும்ப விசா படிவமும் இணைப்பில் இருக்கின்றன என்று எழுதியிருந்தது. நான் மூன்று முறை படித்தேன். நான்காவது முறை படிக்கும்போதுதான் என் வாயில் வந்த ‘வாரேன்’ என்ன வேலை பார்த்திருக்கிறது என்று புரிந்தது.

வீட்டில் பூகம்பம். “ரிக்குல வேல கெடச்சிருக்குதுங்மா” என்று நான் சொன்னதும், என் தாய்மாமா, “எந்த வண்டில? திருச்செங்கோட்டு வண்டியா, நாமக்கல் வண்டியா?” என்றார். பொம்பளையை ரிக் லாரியில் ஏற்றுகிறார்களா என்று அவருக்கு அதிர்ச்சி. சரியாகச் சொன்னால் அது ரிக் இல்லை, பிளாட்பாரம். அதையும் சொல்லிப் பார்த்தேன். “பிளாட்பாரத்துலயா!” என்று அம்மா தலையில் கை வைத்தாள். நான் ஏதோ ரோட்டோரம் கடை போடப் போவதாக நினைத்துவிட்டாள். விளக்கி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டது.

விளங்கியதும் நிலைமை இன்னும் மோசமானது. “ஆரையும் கேக்காம ஒத்துக்கிட்டயா?” என்றாள் அம்மா.

“நான் எங்கீங்மா ஒத்துக்கிட்டேன்? வாரேன்னு சொல்லித்தான் வெச்சேன்.”

“அப்ப அதையே எழுதிப்போடு. எங்கூர்ல வாரேன்னா போறேன்னு அர்த்தமுங்கன்னு எழுது. கெரகம், இது ஒரு பெரிய விசயமா?”

மாமா ஓய்வு பெற்ற இங்கிலீஷ் வாத்தியார். என் போனை வாங்கி அங்கேயே எழுதினார். மொழிப் பிழையால் நேர்ந்த குழப்பத்துக்கு மிகவும் வருந்துகிறேன், குடும்பச் சூழ்நிலை காரணமாக இந்த வாய்ப்பை ஏற்க இயலவில்லை. கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சுத்தமாக இருந்தது. “அனுப்பு கண்ணு” என்று போனை என் கையில் கொடுத்தார்.

அத்தனை நேரமும் வாசல்படியில் உட்கார்ந்திருந்த அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். ரிக் வண்டிக் கம்ப்ரசர் சத்தத்தில் பாதிக் காது போனவர், சத்தமாகத்தான் பேசுவார். “அங்க எத்தன அடி போர் ஓட்டுவாங்க கண்ணு?”

“பத்தாயிரம் அடிக்கு மேல போகுமுங்கப்பா.”

“யப்பா! மண்ணு சரியாம கேசிங் பைப்பு எறக்குவாங்களா?”

“எறக்குவாங்க.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் தெருவைப் பார்க்கத் திரும்பினார். அம்மாவுக்கு வந்ததே கோபம். “என்ன சரி? புள்ளைகள உட்டுப்போட்டு இவ கடலுக்குப் போறது சரியா?”

நான் வெடித்துவிட்டேன். “அப்பா இருவது வருசம் ரிக்குல போனாரு. புள்ளைகள உட்டுப்போட்டுப் போறீங்களேன்னு ஒருத்தராச்சும் அவரக் கேட்டீங்களா? நீங்க கேட்டீங்களா?”

“அவரு ஆம்பள” என்றாள் அம்மா. அப்பாவுக்கு அது கேட்டதா என்று எனக்குத் தெரியாது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மாடிக்குப் போய் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாமா எழுதிய கடிதத்தையும் படித்துக் காட்டினேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

“வாரேன்னு தப்பாச் சொன்னயா அம்மணி, வேணும்னே சொன்னயா?”

“தப்பாத்தானுங்க சொன்னேன். இப்ப வேணும்னே சொல்றேன்.”

“நான் வெக்கிற ரசம் உனக்கே எறங்காது.”

“பசிச்சா எறங்குமுங்க.”

“அப்ப இங்க வந்ததும் பாப்பாவுக்குச் சடை பின்றது எப்படீன்னு சொல்லிக் குடு. அதொன்னுதான் எனக்குப் பயமா இருக்குது” என்றார். அந்த மனுசனைக் கட்டிக்கொண்டதற்கு நான் சந்தோசப்பட்ட நாட்களில் அதற்குத்தான் முதலிடம். மாமா எழுதிய கடிதத்தை அழித்தேன். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் போயிற்று.

கிளம்பிய நாளில் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் முறுக்கும் எள்ளுருண்டையும் கட்டி வைத்திருந்தாள். நான் அடுப்படி வாசலில் நின்று, “வாரேனுங்மா” என்றேன். அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை சொன்னேன். தேய்க்கிற சத்தம்தான் பதில். அப்பா கார் வரைக்கும் வந்து, “போயிட்டு வா கண்ணு” என்றார். ஆனால் எங்கள் வீட்டில் அதைச் சொல்ல வேண்டியவள் அம்மா. அப்பா லாரி ஏறிய ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று ‘போயிட்டு வாங்க’ என்று சொன்னவள் அவள்தான். பதில் இல்லாத வாரேனோடு நான் படி இறங்கினேன். அழுதேன், மறைக்கவில்லை. கோயம்புத்தூர் விமான நிலையம் வரைக்கும் அழுதேன், பிறகு நிறுத்திக்கொண்டேன்.

மேடைக்கு ஹெலிகாப்டரில்தான் போக வேண்டும். அதனால் பயிற்சியில் எங்களை ஒரு பொய் ஹெலிகாப்டருக்குள் பெல்ட் போட்டு உட்கார வைத்து, நீச்சல் குளத்துக்குள் இறக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். தண்ணீருக்குள் ஜன்னலைத் தள்ளி, பெல்ட்டைக் கழற்றி வெளியே வர வேண்டும். பதினோரு ஆம்பளைகள், நான் ஒருத்தி. எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊரில் பையன்களைத்தான் கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் பழக்குவார்கள். பெண் பிள்ளைகளை மேட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். முதல் தடவை கவிழ்ந்ததும் மூக்கு வழியாகப் பாதிக் குளத்தைக் குடித்தேன். பயிற்சி கொடுத்தவர் என்னை இழுத்து மேலே போட்டு, இன்றைக்குப் போதும், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நாளைக்கா? நாளைக்கு நான் இன்னும் அதிகமாகப் பயப்படுவேன். இப்போதே கவிழ்த்துங்கள் என்றேன். இரண்டாவது தடவையும் குடித்தேன். மூன்றாவது தடவை ஜன்னல் என் கைக்கு வந்தது.

முதல் இருபத்தெட்டு நாள் எப்படிப் போயிற்று என்று அலங்கரித்துச் சொல்ல மாட்டேன். மோசமாகத்தான் போயிற்று. ஸ்டோர் ரூம் ஒன்றைக் காலி செய்து எனக்கு அறையாகக் கொடுத்திருந்தார்கள். பலகை மாட்டியிருந்தார்கள், எழுத்துப் பிழையோடு. மகன் வீடியோவில் முகம் காட்ட மாட்டேன் என்று நான்கு நாள் அடம்பிடித்தான். மகளின் சடை ஒரு பக்கம் காதுக்கு மேலேயும் மறுபக்கம் கழுத்துக்குக் கீழேயும் இருந்தது. “அப்பா யூட்யூப் பாத்துப் பின்றாருங்மா, யாரும் சிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு” என்றாள். இருபத்தொன்பதாம் நாள் நான் கதவைத் தட்டியபோது திறந்தது மகன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எத்தன நாள் இருப்ப?” என்றான். “நீ போதும் போதும்னு சொல்ற வரைக்கும்” என்று அவனைத் தூக்கிக்கொண்டேன். உள்ளேயிருந்து ரசம் கொதிக்கிற வாசம் வந்தது. அவர் கரண்டியோடு வந்து நின்றார். நான்கு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம், விசா என் பேரில்.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. அம்மா போனில் பிள்ளைகளிடம் பேசுவாள், மாப்பிள்ளையிடம் நலம் விசாரிப்பாள், நான் பேசினால் ‘இருக்கறமுங்க’ என்று முடித்துக்கொள்வாள். பெற்ற மகளுக்கே ‘ங்க’ போட்டுப் பேசினால் எங்கள் பக்கத்தில் அது மரியாதை இல்லை, கோபம். லீவுக்கு வந்தாலும் அப்படித்தான். நான் ‘வாரேனுங்மா’ என்று கிளம்புவேன், பாத்திரம் பதில் சொல்லும்.

போன மாதம் அவிநாசியிலேயே சொந்தத்தில் ஒரு கல்யாணம். நாங்கள் நான்கு பேரும் வந்திருந்தோம். மறுநாள் எனக்கு விமானம். அவரும் பிள்ளைகளும் இன்னும் இரண்டு வாரம் பெருந்துறையில் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. சாப்பாட்டுப் பந்தியில் அம்மாவுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் என் வீட்டுக்காரர் மகனுக்கு இலையில் அப்பளம் நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மா முறை ஆகிற ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, பந்திக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

“பாவம், ஆம்பள மனுசன் புள்ளைகளோட என்ன பாடுபடறாரு பாரு. நாளைக்கு மறுக்காவும் கெளம்பறயாமா? எப்படீம்மா மனசு வருது, பெத்த புள்ளைகள உட்டுப்போட்டுப் போறதுக்கு?”

பதில் என் நுனி நாக்கில் தயாராக இருந்தது. இரண்டு வருடமாகத் தீட்டி வைத்திருந்த பதில். வாயைத் திறப்பதற்குள் அம்மா இலையிலிருந்து கையை எடுத்தாள்.

“ஏனுங்க்கா, எங்கூட்டுக்காரரு இருவது வருசம் ரிக்குல போனாரு. புள்ளைகள உட்டுப்போட்டுப் போறீங்களேன்னு ஒருத்தியாச்சும் அவரக் கேட்டிருப்பீங்களா? எங்க மாப்பிள்ள என்ன பாடுபடறாரு? அவரு பெத்த புள்ளைக்கு அவரு அப்பளம் போடறாரு. பாயசம் ஊத்தறாங்க பாருங்க, இலையப் பாத்துச் சாப்புடுங்க.”

நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

மறுநாள் காலையில் கார் வந்து நின்றது. அடுப்படி வாசலுக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை, பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அம்மா தெரு வாசலில் நின்றுகொண்டிருந்தாள், அப்பா லாரி ஏறும்போது நிற்கிற அதே இடத்தில்.

“வாரேனுங்மா” என்றேன்.

அம்மா என் பையின் ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “வா” என்றாள்.

ஒரே எழுத்து. அதற்காகத்தான் இரண்டு வருடம் அந்த அடுப்படி வாசலில் நின்றேன். படி இறங்கினேன்.